பாதி முடித்த மீன் டின்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே நான் நலம். 'ஹாம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சை பாஸாகிவிட்டேன், பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேச எந்த ரேடியோ வாங்கலாம்?' என்று போனில் கேட்டாய். எதுவும் வாங்காதே என்றதும் உன் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கோபித்துக்கொள்ளாதே. பார்சலைப் பிரி. உள்ளே காலி மீன் டின் ஒன்று இருக்கும்.

இது என் கிறுக்கு மட்டும் இல்லை. 1976 மே மாத க்யூஎஸ்டி என்ற ஹாம் ரேடியோ இதழில் டக் டிமா என்ற அமெரிக்க ஹாம் ஒருவர், இரண்டே டிரான்சிஸ்டரில் 7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர் செய்து, காலி டியூனா மீன் டின்னின் மேல் பொருத்திக் காட்டினார். 'டியூனா டின் டூ' என்று பெயர். வெளியே போகும் சக்தி அரை வாட்டுக்கும் கீழே. இன்றும் அதைப் பார்த்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் கொஞ்சம் மாற்றி டின்னுக்கு உள்ளே வைத்திருக்கிறேன்.

டின் என்றால் இளப்பம் வேண்டாம். இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயப் பூச்சு. பற்றவைக்கும் ஈயம் நன்றாகப் பிடிக்கும். டின் முழுவதுமே எர்த். மூடினால் ஷீல்டும் ஆச்சு. அலுமினிய டின்னை எடுத்துவிடாதே, அதில் ஈயம் ஒட்டாது. காந்தம் வைத்துப் பார்த்து வாங்கு. என் முதல் டின்னில் எவ்வளவு சூடு காட்டியும் ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடியது. சால்டரிங் அயர்னைத் திட்டினேன், ஈயத்தைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் உள்பக்கம் வார்னிஷ் மாதிரி மெல்லிய லாக்கர் பூச்சு! எர்த் கொடுக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு வை. 25 வாட் அயர்ன் போதாது, டின்னே சூட்டைக் குடித்துவிடும். 60 வாட்டாவது வேண்டும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்த பிறகுதான் உள்ளே கை விட வேண்டும். என் கட்டைவிரல் தழும்பு எதனால் என்று சின்ன வயதில் கேட்டாயே, இதனால்தான்.

அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் பாதியை முடித்துவிட்டேன். 7030 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர். சர்க்யூட் போர்டைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, டின்னின் அடியில் சூப்பர் குளூவால் ஒட்டி, அதன் மேல் ஈயம் வைத்திருக்கிறேன். இரண்டாவது டிரான்சிஸ்டரும் ஃபில்டரும் உன் வேலை. ஃபில்டரை மட்டும் விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் 14, 21 மெகாஹெர்ட்ஸிலும் உன் சிக்னலின் நிழல் போய் விழும், அடுத்தவர்களுக்குத் தொல்லை.

ஃபில்டரின் காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு, சிவப்பு நிற டி37 இரும்புத்தூள் வளையங்கள் வைத்திருக்கிறேன். 18 சுற்று. கம்பி ஓட்டைக்குள் எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கம் எண்ணினால் ஒன்று குறையும். நான் முதலில் வளையம் இல்லாத காற்றுக் காயில்தான் சுற்றினேன். திறந்திருக்கும்போது அருமையாக வேலை செய்யும், மூடியைப் போட்டதும் சக்தி படுத்துவிடும். இரும்பு மூடி காயிலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. இரண்டு நாள் மண்டை காய்ந்த பிறகுதான் உறைத்தது.

முதலில் ஏரியலில் மாட்டாதே. 100 ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் பக்கவாட்டில் (பேரலலில்) சேர்த்தால் 50 ஓம். அதில் வைத்துச் சோதி. நீ கொண்டுபோன ரிசீவரில் உன் ஒலியைக் கேள். மோர்ஸ் தட்டும் கீயை அழுத்தும்போது 'கீச்' என்று குருவி போல வழுக்கினால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்படு. ஏரியலுக்கு 20.3 மீட்டர் ஒயர், நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டு.

கீயும் வைக்கவில்லை. உடைந்த ஆக்ஸா பிளேடு துண்டு ஒன்றை மரக்கட்டையில் திருகினால் போதும். கம்ப்யூட்டரே மோர்ஸ் அனுப்பிவிடுமே என்றாய். அனுப்பும், புள்ளிக்கு ஒன்று, கோட்டுக்கு மூன்று என்று அளவு பிசகாமல். அதை நான் கேட்டு என்ன செய்ய? எட்டு வயதில் மேசையில் ஸ்பூனால் தட்டும்போதே 'க்யூ' வந்தால் கடைசிக் கோட்டை இழுப்பாய். டா டா டி டாஆஆ. எத்தனை முறை திருத்தினேன்! யாராவது இருக்கிறீர்களா என்று சிக்யூ கூப்பிடும்போதெல்லாம் அந்த எழுத்து வரும். இப்போதும் இழுக்கிறாயா என்று தெரிய வேண்டும்.

இத்தனூண்டு சக்தி இவ்வளவு தூரம் எட்டும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் நன்றாகத் திறக்கும், அவ்வளவுதான். தயாரானதும் நேரத்தைச் சொல், 7030இல் உட்கார்ந்திருக்கிறேன். இரைச்சல் அதிகமாக இருந்து உன் அடையாளமான கால்சைன் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கோடு ஒன்று காதில் விழட்டும்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பருத்தித் துணியில் சுற்றியிருப்பது உன் இரண்டாவது டிரான்சிஸ்டர். அதில் உபரியாக மூன்று வைத்திருக்கிறேன். நான் நாலு எரித்தேன்.