பின்வாசலையும் பூட்ட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வணிகப் பக்கத்தில் வெளிவந்த இணையப் பாதுகாப்புக் கட்டுரையைப் படித்தவர்கள், 'றிவேர்ஸ் புரொக்ஸி' என்ற இடைத்தரகு மென்பொருள் ஒன்றைப் பொருத்திவிட்டால் இணையத்தளம் பத்திரமாகிவிடும் என்றே எண்ணியிருப்பார்கள். கொழும்பில் சிறு கம்பனிகளின் சேர்வர்களை (இணையத்தளங்களை இயக்கும் கணினிகளை) பராமரித்து வருபவன் என்ற வகையில், அதில் விடுபட்டதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் காவலாளி, வருபவரை வாசலிலேயே மறித்து, வீட்டாரிடம் தாமே கேட்டுப் பதில் சொல்லி அனுப்புவதைப் போன்றது றிவேர்ஸ் புரொக்ஸியின் வேலை. வாடிக்கையாளரின் பிரவுசர் புரொக்ஸியுடன் மட்டுமே பேசும். மறைகுறியாக்கத்தை அவிழ்ப்பதும், ஒரே இடத்திலிருந்து அளவுக்கு மீறி வரும் கோரிக்கைகளைத் தடுப்பதும், மிகுதியை உள்ளே இருக்கும் சேர்வருக்குக் கடத்துவதும் அதன் பொறுப்பு. 2004இல் வெளிவந்த என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைப்பதால், செலவைக் காரணம் காட்டவும் முடியாது.

ஆனால் முன்னால் காலி வீதிப் பக்கம் காவலாளியை நிறுத்திவிட்டு, பின்னால் மரைன் டிறைவ் பக்கத்துக் கதவைத் திறந்து விடுபவர்களே அதிகம். அண்மையில் ஒரு விற்பனை நிறுவனத்தில், உள் சேர்வரின் ஐபி முகவரியை (இணையத்தில் அதற்குரிய இலக்க விலாசத்தை) வீட்டிலிருந்தே பிரவுசரில் தட்டினேன். பிரவுசர் காட்டிய பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கையைத் தாண்டியதும் நிர்வாகிகளின் லொகின் பக்கம் விரிந்தது. புரொக்ஸி வருவதற்கு முன்னர் பயன்படுத்திய அதே முகவரி. தளத்தின் பெயர் எந்த ஐபி முகவரிக்குரியது எனக் காட்டும் பழைய டிஎன்எஸ் பதிவுகளில் எவரும் தேடி எடுக்கலாம். போதாக்குறைக்கு, அந்த சேர்வரே மின்னஞ்சலும் அனுப்பியதால், ஒவ்வொரு பற்றுச்சீட்டு மடலோடும் செல்லும் தொழில்நுட்பத் தலைப்பு வரிகளிலும் அந்த முகவரி இருந்தது.

இன்னொன்றும் கண்டேன். உள் சேர்வரின் பதிவேட்டில் எல்லா வருகையாளருக்கும் புரொக்ஸியின் முகவரியே பதிவாகியிருந்தது. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்த ஒருவரைத் தடுக்கப்போய், அந்தப் பொது முகவரியையே தடைசெய்து, ஒரு முழு மாலை வாடிக்கையாளர் அனைவரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள்! உண்மையான முகவரியைப் புரொக்ஸி கோரிக்கையோடு செல்லும் 'எக்ஸ்-ஃபோர்வர்டட்-ஃபோர்' என்ற தலைப்பு வரியில் அனுப்பலாம். எனினும் அதை எவரும் பொய்யாக எழுதி அனுப்ப முடியும் என்பதால், புரொக்ஸியிடமிருந்து வரும்போது மட்டுமே, அதுவும் புரொக்ஸி தானே எழுதிய பகுதியை மட்டுமே நம்ப வேண்டும்.

உள் சேர்வரின் ஐபி முகவரியை மாற்றி, புரொக்ஸியைத் தவிர வேறெவரும் அதன் 80, 443 ஆகிய போர்ட்டுகளை (இணையத்தளக் கோரிக்கைகள் நுழையும் வழிகளை) தொட முடியாதபடி ஃபயர்வோல் என்ற தடுப்பரணில் விதி எழுத, எங்களுக்கு ஒரு முற்பகலே போதுமாயிருந்தது. கட்டுரையின் அடுத்த பகுதியில் இதற்கும் சில வரிகள் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.