புளியமரத்தைத் தாண்டி நடக்கிறார் அப்பா

எங்கள் ஊருக்கு மாத்திரைப் பையோடு வரும் தன்னார்வலர் அக்காவுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும் செவிலியருக்கும், டீக்கடை மாமாவுக்கும், பால் வண்டி அண்ணனுக்கும் வணக்கம்.

இந்த மடலில் யார் பெயரையும் எழுதவில்லை. “என் பெயரைப் போட்டால் அடுத்த மாதம் உங்கள் அப்பாவுக்கு மாத்திரை கிடையாது” என்று அக்கா சிரித்துக்கொண்டே மிரட்டிவிட்டார். அவர் பெயரை விட்டுவிட்டு மற்றவர்கள் பெயரை எழுதுவது முறையாகாது. ஊர்க்காரர்களுக்கு யார் யார் என்று தெரியும்; மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டிலிருந்து மேட்டுக்காட்டுக்குப் போகும் வழியில் பாதித் தொலைவில் ஒரு புளியமரம் நிற்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அப்பா அந்த மரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கிறது என்பார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் வலி இருந்த இடம் தெரியாது. எழுந்து நடந்தால் அதே தூரத்தில் மறுபடி வந்துவிடும். வாதம் என்றார்கள், நரம்புத் தளர்ச்சி என்றார்கள். பக்கத்து ஊரில் ஊசி போடும் ஒருவரிடம் ஏழெட்டு மாதம் வலி ஊசி போட்டுக்கொண்டோம். அவர் ஒரு தடவைகூட அப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. பாருங்கள் என்று நாங்களும் கேட்டதில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் தன்னார்வலர் அக்காதான், எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தே. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, “வாசலில் கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் வியாதி போய்விடுமா?” என்று ஓசூரில் அறை நண்பர்களோடு உட்கார்ந்து கேலி பேசியவன் நான். அந்தப் பேச்சுக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவும் சாமானியப்பட்டவர் அல்லர். எலும்பும் தோலுமாக இருக்கும் தனக்குச் சர்க்கரையா, அது உட்கார்ந்து தின்பவர்களுக்கு வருவது என்று சொல்லி, கொடுத்த மாத்திரைகளையெல்லாம் மாடக்குழியில் விளக்குக்குப் பின்னால் அடுக்கிவைத்திருந்தார். அடுத்த மாதம் அக்கா வந்து, “பெரியப்பா, காலி அட்டையைக் காட்டுங்கள், புது அட்டை தருகிறேன்” என்று கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலி அட்டைதான் ரசீது. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்ற பெயர்களை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத அம்மா, காலை அட்டை, இராத்திரி அட்டை என்று நிறத்தை வைத்தே பிரித்துக் கொடுத்துவிடுவார்.

பிறகு வந்தது ஆணி விவகாரம். அப்பா போட்டிருந்தது டயர் செருப்பு. ஒரு நாள் காலையில் அக்கா வாசலில் நின்று குனிந்து பார்த்தார். திண்ணைப் படியில் காசு அளவுக்கு ஒரு கறை. இன்னொரு படியிலும் அதே அளவில் ஒன்று. “இது யார் கால்?” என்று கேட்டார். அப்பாவின் இடது செருப்பைத் திருப்பிப் பார்த்தால், தேய்ந்த அடித்தோலுக்கு மேலே அரை விரற்கடை உயரத்துக்கு ஆணி எழும்பி நிற்கிறது. எத்தனை நாளாக அது பெருவிரலுக்கு அடியில் குத்திக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. ஈரமாக இருந்ததால் காப்பித்தூளை அப்பிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வலிக்காததுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று அக்கா சொன்னபோது எங்களுக்குப் புரியவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொல்ல, அவர் பையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு அப்பாவைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். மற்ற வீடுகளுக்கு அன்று மாத்திரை மத்தியானம்தான் போனது. அந்த வீடுகளுக்கும் நன்றி.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் இளம் பெண். தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அப்பாவின் பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டுத் தொட்டு, “தெரிகிறதா?” என்று கேட்டார். கண்ணை மூடியிருந்த அப்பா மூன்று இடங்களில்தான் ஆமாம் என்றார். சர்க்கரையால் பாதத்தில் உணர்வு மரத்துப்போயிருந்தது; ஆணி குத்தியும் வலிக்காதது அதனால்தான். பிறகு பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி தேடினார். வலது காலில் கிடைத்தது. இடது காலில் வெகுநேரம் தேடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

மாவட்ட மருத்துவமனையில் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கையில் 140, இடது கணுக்காலில் 84. கணுக்கால் அளவைக் கை அளவால் வகுக்க வேண்டுமாம், 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் தமனி சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்பாவுக்கு 0.6. புளியமரத்தடியில் பிடித்து இழுத்தது வாதமே அல்ல. நடக்கும்போது சதை கேட்கும் இரத்தம் வந்து சேராமல் போன வலி. உட்கார்ந்தால் கேட்பது குறைகிறது, வலி நிற்கிறது. அவ்வளவு எளிமையான கணக்கு. இன்னொன்றும் சொன்னார்கள்: காலில் அடைப்பு இருந்தால் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் குழாய்களிலும் அதே வேலை நடந்துகொண்டிருக்கும், ஆகவே இதைக் கால் வியாதி என்று மட்டும் நினைக்காதீர்கள் என்று.

ஒல்லியான மனிதருக்கு ஏன் என்று நான் கேட்ட கேள்விக்கு, வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போதும் அந்த மருத்துவர் பதில் சொன்னார். நம் ஆட்களுக்குக் கையும் காலும் குச்சியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரும். கெட்ட கொழுப்பு ஏறியிருக்கும், நல்ல கொழுப்பு குறைந்திருக்கும் என்றார். பிறகு அப்பாவின் ஒரு நாளைக் கேட்டு எழுதினார். ஏர் பிடித்த மனிதர் இப்போது செங்கல் சூளையில் காவல். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. நடுவில் பசிக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. எழுதி முடித்ததும் பீடியை மட்டும் வட்டமிட்டார். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் கால் தமனிக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை என்றார்.

இலவச அரிசியை நான் குறை சொல்ல வரவில்லை. 2011-க்கு முன்னால் எங்கள் வீட்டில் ஆடி மாதம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேழ்வரகு விளையும் ஊரில் களி கிண்டுவது கௌரவக் குறைச்சல் ஆனது எப்போது என்று யோசித்துப் பார்க்கிறேன். 2023-இல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது, அதைக் கோழிக்குப் போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதே வருடம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. அந்த நோயின் வாசற்படியில் நிற்பவர்களின் விகிதத்தில் கிராமத்துக்கும் நகரத்துக்கும் வித்தியாசமே இல்லை என்றும் சொன்னது. அப்போது அதைச் செய்தித்தாளில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவன்தான் நான்.

சேலம் அரசு மருத்துவமனையில் தொடைத் தமனியின் அடைப்பைப் பலூன் வைத்து விரித்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கடன் வாங்கவில்லை. பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, கால் தப்பியது. இன்னும் இரண்டு வாரம் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். காலை ஐந்தரைக்கு வார்டு கூட்ட வரும் அம்மா ஒருவர், அப்பா தூங்காமல் கிடப்பதைப் பார்த்து, தன் மாமியாருக்கும் விரல் எடுத்தது, இப்போதும் நாற்று நடுகிறார் என்று சொல்லிவிட்டுப் போனாராம். அப்பா அதை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நன்றி.

ஊர் திரும்பிய பிறகு ஒன்பது வாரம் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸில் அம்மாவுக்கு டிக்கெட் இல்லை, அப்பாவுக்கு உண்டு. ஆனால் பஸ் நேரமும் கட்டு கட்டும் நேரமும் ஒத்துப்போகவில்லை. பால் வண்டி அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள், கேன்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, அதில் அப்பாவை உட்காரவைத்து அழைத்துப் போனார். காசு கொடுத்தபோது, “கேனுக்குத்தான் வாடகை, ஆளுக்கு இல்லை” என்றார். கட்டு மாற்றிய செவிலியர், மஞ்சளும் வேண்டாம் காப்பித்தூளும் வேண்டாம் என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆணியே அடிக்காமல் ஒட்டித் தைத்த, எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்க வழி சொன்னவரும் அவர்தான். போடுவதற்கு முன்னால் செருப்புக்குள் கைவிட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வந்துவிட்டது, ஓசூரில் ஷூ போடும் எனக்கும்.

டீக்கடை மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாத டீ கேட்டால் கடையில் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால்தான் அப்பா சர்க்கரை டீயை விடாமல் இருந்தார். மாமா அதைப் புரிந்துகொண்டு, அப்பா தூரத்தில் வரும்போதே கேட்காமல் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். பீடியும் அவர் கடையில்தான் விற்கிறது. “உங்களுக்கு மட்டும் தீர்ந்துவிட்டது” என்று அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்வார். அப்பா முழுதாக விட்டுவிட்டார் என்று நான் எழுதினால் ஊரே சிரிக்கும். ஒரு கட்டு என்பது இரண்டு மூன்று பீடியாகியிருக்கிறது. அடுத்த மடலில் அதையும் பார்ப்போம்.

வலி வரும் வரை நடக்க வேண்டும், நின்று ஆறவேண்டும், மறுபடி நடக்க வேண்டும், அதுவே மருந்து என்று சொல்லியிருக்கிறார்கள். சிறு குழாய்கள் பக்கவாட்டில் வழி திறந்துகொள்ளுமாம். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவோடு காட்டுக்கு நடந்தேன். புளியமரத்தடி வந்ததும் நான் பழக்கத்தில் நின்றேன். அவர் நிற்கவில்லை. கிணற்று மேட்டில் போய்த்தான் திரும்பிப் பார்த்தார்.

போன மாதம் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அக்கா கோபித்துக்கொண்டாலும் சரி. அப்பாவுக்கு அழுத்தம் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவரிடம் அம்மா, “ஊரெல்லாம் பார்க்கிறாயே, உனக்கு எவ்வளவு?” என்று கேட்டார். அக்கா பேச்சை மாற்றினார். அம்மா விடவில்லை, பட்டையை வாங்கி, எத்தனையோ மாதம் பார்த்த பழக்கத்தில் சரியாக அவர் மேற்கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். 152, 96. பத்து நிமிடம் கழித்து எடுத்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். “என் வீட்டுக்கு யார் வருவது?” என்றார் அக்கா, வேடிக்கையாக. மறுநாள் காலையில் அம்மா அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் அப்பாவின் தேதிக்குக் கீழே அக்காவின் தேதியும் குறித்திருக்கிறது. அன்றைக்கு அவர் காலி அட்டையோடு வர வேண்டும். களியும் கீரைக் கடைசலும் எங்கள் வீட்டில்தான்.

அன்புடனும் நன்றியுடனும்,
மகன், ஓசூரிலிருந்து