கேட்காமலேயே வாணலியைச் சுரண்டி அனுப்பியிருக்கிறீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் 285 டாலர் கொடுத்து மூன்று கால் வார்ப்பிரும்பு வாணலி ஒன்று வாங்கினேன். பழைய நியூ இங்கிலாந்து வீடுகளில் கணப்பிலிருந்து கனலை இழுத்துப் போட்டு, அதன்மேல் நிறுத்திச் சமைப்பார்களே, ஸ்பைடர் என்பார்கள், அதுதான். உங்கள் படத்தில் கன்னங்கரேலென்று இருந்தது, ஒரு கால் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருந்தது, அடியில் நீளமாக ஒரு தழும்பு. அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் புதுச் சாமான் மாதிரி இருக்கிறது. வேறு எதையோ மாற்றி அனுப்பிவிட்டீர்கள் என்றே நினைத்தேன், தேய்ந்த காலைப் பார்த்த பிறகுதான் அதே வாணலி என்று தெரிந்தது. போன் செய்தால், அனுப்புவதற்கு முன் சாண்ட் பிளாஸ்ட் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுரண்டி, சுத்தமாக்கினோம், அதற்குக் காசுகூட வாங்கவில்லை என்கிறார் உங்கள் ஊழியர். யார் செய்யச் சொன்னது?

இந்த மாதிரிச் சாமான்களில் பெரும்பாலும் பெயரோ வருடமோ இருக்காது, வயதை அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அச்சில் நீளமான ஒரு வாய் வழியாக இரும்பை ஊற்றி, ஆறியதும் அங்கே நீட்டிக்கொண்டிருப்பதை ஒடித்துவிடுவார்கள், ஒடித்த இடத்தில் நிற்கும் கோடுதான் கேட் மார்க், நான் பார்த்து வாங்கிய தழும்பும் அதுதான். இந்த முறைக்கு முந்தைய சாமான்களில் ஒடித்த தடம் வட்டமாக இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வார்ப்பு முறை மாறியபோது அடியிலிருந்து அந்தக் கோடே போய்விட்டது. என் வாணலியில் அந்த முறிவின் கூரான விளிம்பு மழுங்கிவிட்டது, உட்புறம் முழுக்க மணல் கொத்திய புள்ளி. எத்தனை பேர் சமைத்துப் பழக்கிய கருப்பு அது! அது போனதால் வந்த இரண்டாம் நாளே ஆரஞ்சு நிறத்தில் துரு ஏறிவிட்டது. பழைய அழுக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றால் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்திருக்கலாம், இரும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதையும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

எனக்கு 285 டாலரும் அனுப்பும் செலவு 38 டாலரும் முழுதாகத் திரும்ப வேண்டும். வாணலியைத் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. இந்த வாரத்துக்குள் பதில் எழுதுங்கள்.

அப்புறம் ஒன்று. கனலை வைக்க மூடியில் விளிம்பு உள்ள, டச் அவன் என்கிற வார்ப்பிரும்புப் பாத்திரம் ஒன்று இன்னும் உங்கள் விற்பனைப் பட்டியலில் இருக்கிறது. அதை யார் வாங்கினாலும் சரி, தயவுசெய்து இருக்கிறபடியே அனுப்புங்கள்.