பழைய தொலைபேசிக் கம்பியில் அடிக்கடி அறுந்துபோகும் இணைய இணைப்பைச் சீர்செய்யக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு கோட்டப் பொறியாளர் அவர்கள்,
தொலைத்தொடர்புக் கோட்ட அலுவலகம்.

அனுப்புநர்:
தண்ணீர்த் தொட்டித் தெருவின் கடைசி வீட்டுத் தரைவழித் தொலைபேசிச் சந்தாதாரர்.

பொருள்: சாலையோரப் பில்லர் பெட்டியில் பழுதான கம்பி ஜாயின்ட்டைச் சரிசெய்து, அறுபடாத பிராட்பேண்ட் இணைப்பு தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நேரிலும் தபாலிலும் தொலைபேசியிலும் முன்னர் அளித்து, தீர்வு கிடைக்கப்பெறாத புகார்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் கேபிள் பிரதான சாலையோரமாகவே ஓடி, சிறுபாலத்தை ஒட்டி நிற்கும் பில்லர் பெட்டியில் பிரிந்துதான் எங்கள் தெருவுக்குள் வருகிறது. அந்தப் பெட்டியின் கதவு கீல் விட்டுத் தொங்குவதையும் தாங்கள் அவ்வழியே போகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்த மனு. கீழ்க்கண்டவற்றைத் தங்கள் மேலான பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

1. வீட்டுக்குள் சோதிக்க வேண்டியவற்றைச் சோதித்துவிட்டோம். கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே மோடத்தை நேரடியாகச் செருகிப் பார்த்தோம். கிளைக் கம்பிகளையும் மற்ற தொலைபேசிகளையும் கழற்றி வைத்தோம். குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைப் புதிதாக மாற்றினோம். வைஃபையை அணைத்துவிட்டு லேன் கம்பியில் கணினியை இணைத்தோம். வேறொரு மோடத்தை இரவல் வாங்கியும் பார்த்தோம். எதிலும் மாற்றமில்லை. கோளாறு எங்கள் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது.

2. மோடம் காட்டும் அளவுகளையும் குறித்து வைத்திருக்கிறேன். லைன் அட்டென்யுவேஷன், அதாவது வழியில் சமிக்ஞை இழக்கும் அளவு, 52 டெசிபெல். எக்ஸ்சேஞ்ச் தொலைவு என்பதால் அது அதிகமாக இருப்பது எங்களுக்கும் புரிகிறது. 24 எம்பிபிஎஸ் வேண்டுமென்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் இரைச்சல் மார்ஜின், அதாவது இணைப்பு நிலைக்கத் தேவையானதற்கு மேல் சமிக்ஞைக்கு உள்ள கூடுதல் பலம், வெயில் நாளில் 9 டெசிபெல் இருப்பது, மழை பெய்தால் 3-க்கும் கீழே இறங்குகிறது. 6-க்குக் கீழே போனால் இணைப்பு தள்ளாடும் என்பது தங்கள் ஊழியர்கள் அனைவருக்கும் தெரிந்ததே. தொலைவுதான் காரணம் என்றால் வெயிலிலும் மழையிலும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? மழைக்குக் கம்பி நீளுமா, ஐயா?

3. தொலைபேசி மணி அடித்தால் இணையம் அறுந்துபோகிறது. ரிசீவரை எடுத்தால் கரகரவென்ற சத்தம். பேசிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் வேகம் கூடுகிறது, வைத்ததும் பழையபடி விழுகிறது. களிம்பேறிய ஜாயின்ட் ஒன்று வழியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டுமா? ரிசீவரை எடுக்கும்போது ஓடும் மின்சாரம் களிம்பைத் துளைத்துக்கொண்டு போகிறது, அது நின்றதும் தடை மீண்டும் ஏறுகிறது. இது ஊகம் மட்டுமல்ல. பெட்டியின் கதவுதான் திறந்தே கிடக்கிறதே, யாரும் பார்க்கலாம். அடியில் தொங்கும் ஜாயின்ட்டில் சுற்றிய டேப் பிரிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கிறது. மழை நாளில் அதன் நுனியில் நீர் சொட்டுகிறது.

4. ஒவ்வொரு புகாருக்கும் வருவது ஒரே பதில்தான்: "டயல் டோன் உள்ளது, புகார் முடிக்கப்பட்டது." ஐயா, பேச்சுக் குரலுக்கு 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும். பிராட்பேண்ட் அதே கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கி மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. குரல் தப்பிப் பிழைக்கும் கம்பியில் இணையம் செத்துக் கிடக்கலாம். டயல் டோனை மட்டும் கேட்டுவிட்டுப் புகாரை முடிப்பது எந்த வகைச் சோதனை?

5. எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான். என் மகனுக்குக் காது கேட்காது. சைகை மொழி கற்பிக்கும் ஆசிரியை மாலை நேரங்களில் வீடியோ வழியாகத்தான் அவனுக்குப் பாடம் எடுக்கிறார். கேட்கும் பிள்ளையாக இருந்தால் படம் உறைந்தாலும் குரலை வைத்துச் சமாளித்துவிடும். இவனுக்குப் படம்தான் குரல். ஆசிரியையின் கை ஒரு சொல்லின் பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. மீண்டும் அசையும்போது அவர் இரண்டு வாக்கியம் தாண்டிப் போயிருக்கிறார். முகபாவமும் விரல் அசைவும் சேர்ந்தால்தான் பொருள். கட்டம் கட்டமாகச் சிதறிய படத்தில் அவன் எதைப் படிப்பான்? அவன் பதில் சொல்லவும் கைகள்தான். இங்கிருந்து போகும் படம் பதிவேற்றத்தைச் சார்ந்தது. இந்தக் கம்பியில் பதிவேற்றம் முதலிலேயே குறைவு, மழை வந்தால் அதுவும் போய்விடுகிறது. சரியாகச் சொன்ன பதிலையே ஆசிரியை திரும்பத் திரும்பக் கேட்கிறார். தான் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பிள்ளை முகம் வாடுகிறது. இப்போதெல்லாம் அவன் ஆசிரியையைப் பார்ப்பதைவிட மோடத்தில் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கைப் பார்ப்பதுதான் அதிகம். அது மின்னத் தொடங்கினால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். அணைந்து அணைந்து எரிந்து, இணைப்பு மீண்டும் பிடிப்பதற்குள் பாடநேரம் கரைகிறது. "போனிலேயே பேசச் சொல்லுங்கள்" என்றார் தங்கள் அலுவலகத்தில் ஒருவர். காது கேட்காத பிள்ளையை, ஐயா! அவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம். ஆனால் மகனின் நிலை நான் எழுதிக் கொடுத்த மனுவின் முதல் பத்தியிலேயே இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

6. கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். இருக்கும் வேகத்தையே தாங்காத கம்பியில் அது எப்படி வரும்?

7. ஆகவே பணிந்து கேட்பது: அளவுக் கருவியுடன் ஒருவரைப் பில்லர் பெட்டிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து எங்கள் வீடு வரையும், அங்கிருந்து எக்ஸ்சேஞ்ச் வரையும் தனித்தனியாகக் கம்பியின் காப்புத்தடையையும் (மின்கசிவு உண்டா என்பதைக் காட்டுவது) லூப் தடையையும் (ஜோடிக் கம்பியின் மொத்த மின்தடை) அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் மழை விட்ட கையோடு அளக்கட்டும். காய்ந்த பிறகு வந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். அந்த ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போடட்டும், அல்லது அதே கேபிளில் நல்ல நிலையில் உள்ள வேறொரு ஜோடிக்கு எங்கள் இணைப்பை மாற்றட்டும். பெட்டிக்கு ஒரு கதவு போடட்டும். இது முடியும் வரை எக்ஸ்சேஞ்சில் எங்கள் போர்ட்டின் வேகத்தைக் குறைத்து, மார்ஜினை உயர்த்தி வைத்தால்கூடப் போதும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, அறுபடாமல் இருக்கட்டும். ஃபைபர் வரப்போகிறது என்பதுதான் பதில் என்றால், எப்போது என்பதை எழுத்தில் தாருங்கள்; அதுவரை இந்தச் செம்புக் கம்பியைக் கைவிடாதீர்கள்.

8. எங்களிடம் கேட்காமல் இந்தப் புகாரை முடித்துவிடாதீர்கள். தயவுசெய்து.

ஐயா, கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். கேட்பது பெரிய வேலை அல்ல, ஒரு ஜாயின்ட். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். அடுத்த மழைக்கு முன் ஆவன செய்யுமாறு மீண்டும் மீண்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மழை நாளிலும் வெயில் நாளிலும் மோடம் காட்டிய அளவுகளின் படநகல், பில்லர் பெட்டியின் புகைப்படம், முந்தைய புகார்களின் நகல்கள்.