ஓர் எஸ்டீமின் முன்சக்கரங்களைச் சரிசெய்து தந்தவர்களுக்கு

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி, கோயம்புத்தூர் என்று நாலு ஊர்களில் இருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் தம்பி ஓட்டுகிற மாருதி எஸ்டீம் கார், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இந்த முறை பந்தயத்தைக் கடைசிச் சுற்றுவரை ஓடி முடித்தது. நேர்ரோடு முடிகிற இடத்தில் அவன் ஒவ்வொரு முறை பிரேக் மிதித்தபோதும் வண்டி கோணாமல் நின்றது. எத்தனையாவதாக வந்தான் என்பது எனக்கு அதற்கப்புறம்தான். அந்த நேர்கோடு நீங்கள் கொடுத்தது. உங்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. ஆளுக்கொரு கை கொடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டீர்கள். யார் என்ன செய்தீர்கள் என்பது ஓரிடத்தில் பதிவாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் சொன்னதால், செய்த வேலையை வைத்தே உங்களைக் குறிப்பிடுகிறேன்.

முதல் நன்றி, போன முறை எங்கள் வண்டியைப் பந்தயத்தில் இறங்கவிடாமல் நிறுத்திய ஸ்க்ரூட்டினி அதிகாரிக்கு, அதாவது வண்டிகள் ஓடத் தகுதியானவையா என்று சோதிக்கிறவருக்கு. முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பிப் பார்த்தார், ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். கும்பகோணத்திலிருந்து ராத்திரி முழுக்க வண்டியை ஏற்றிக்கொண்டு வந்த களைப்பு எங்களுக்கு. அவர் முகத்தில் கோபமும் இல்லை, தயக்கமும் இல்லை. “இதைப் பார்த்துட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்” என்றார். உள்ளே உட்காரப்போகிறவன் என் தம்பி. அவனைக் காப்பாற்றிய முதல் ஆள் நீங்கள்தான் சார்.

அதற்கு முன்பு பிராக்டிஸில் வண்டி செய்தது இதுதான். வேகத்தில் பிரேக் மிதித்ததும் முதலில் வலது பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகு, எடுத்துவிட்டோமே என்கிற நேரத்தில், இடது பக்கம் இழுக்கும். ஓரக் கட்டையில் ஏறி இறங்கினால் ஸ்டீயரிங் கையில் துள்ளும். அதற்கு அடுத்த பிரேக்கில் பெடல் ஆழமாகப் போகும், இரண்டாம் மிதியில்தான் மேலே வரும். ஊருக்குள் ஓட்டினால் இதில் ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் எல்லோரும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரங்களைத் தள்ளித் திருப்புகிற ஸ்டீயரிங் ரேக்கைத்தான் சொன்னார்கள். பக்கத்து ஷெட்டில் இருந்த கோவை டீம் தம்பிகள் மட்டும் சூடு அளக்கிற டெம்பரேச்சர் கன்னைக் கொண்டுவந்து, முன்சக்கரங்களோடு சுற்றுகிற இரண்டு பிரேக் தகடுகளையும் (டிஸ்க்) அளந்தார்கள். இடது டிஸ்க் வலதைவிட மிக அதிகமாகச் சுட்டது. அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஊர் திரும்பினோம். போட்டியாளர் வண்டி என்று பார்க்காமல், தங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைச் செய்து, நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்த கரிவரதன் பெயரில் இருக்கிற தடம் அது. அந்தப் பழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது.

ஊரில், சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்ற மெக்கானிக் ஐயாவிடம் போனோம். கார் அவர் துறை இல்லை, அவர் பார்த்ததெல்லாம் பஸ். நான் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு, “மிதிக்கும்போது வலது, விடும்போது இடதுன்னு சொல்றே. அப்ப ஸ்டீயரிங்கைத் தொடாதே தம்பி. இடது பக்கத்துக்கு ஆயில் லேட்டாப் போகுது, லேட்டாத் திரும்புது. ஹோஸைப் பாரு” என்றார்.

சொன்னதோடு விடவில்லை, நிரூபித்தும் காட்டினார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், பலருக்கும் உதவும். இரண்டு முன்சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்தோம். பிரேக்கை அழுத்தி மிதித்து விட்டதும் வலது சக்கரம் கையால் சுற்றியது, இடது சுற்றவில்லை. இரும்புப் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேருகிற ஜாயிண்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். சக்கரம் அப்போதும் விடவில்லை. அந்த இடத்தில் விட்டிருந்தால் கோளாறு மேலே, பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம் என்று அர்த்தமாம். ஜாயிண்டை இறுக்கிவிட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில், ஆயிலை வெளியே விட இருக்கிற பிளீடர் நிப்பிளைத் திறந்தார். ஆயில் சீறி வந்தது, சக்கரம் உடனே சுற்றியது. அதற்கும் அசையாமல் இருந்தால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் மிச்சம் இருந்தது ஹோஸ் ஒன்றுதான். வெளியே பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. கழற்றி நெடுக அறுத்துக் காட்டினார். உள்சுவர் உரிந்து மடிந்து கிடந்தது. “ஒரு பக்கம் மட்டும் தொறக்கற மதகு மாதிரி ஆயிடுச்சு பாரு” என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அறுத்த ஹோஸ் துண்டை மட்டும், பேரனுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு எடுத்துக்கொண்டார். ஐயா, நாங்கள் புது ரேக் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அந்தப் பணத்தில் நாலு சக்கரத்துக்கும் புது ஹோஸ், முன்பக்கத்துக்கு டிஸ்க்கை அழுத்துகிற புது பிரேக் பேட், காலிப்பர் சீல் எல்லாம் வந்துவிட்டது.

தஞ்சாவூரில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிற மாமாவுக்கும் இந்த இடத்தில் நன்றி சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் பெரிய டப்பாவாகக் கேட்டேன், சீல் உடையாத சின்ன பாட்டில்களாகத்தான் கொடுப்பேன் என்றார். இந்த ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 என்கிற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-உம் 140-உம். மழையும் வாய்க்காலுமாக இருக்கிற நம் பக்கத்தில் திறந்து வைத்த டப்பா எத்தனை நாள் தாங்கும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு லாபம் பெரிய டப்பாவில்தான்.

ஹோஸ் மாற்றியதும் இழுப்பு நின்றது. துள்ளல் நிற்கவில்லை. லேத்து பட்டறை அண்ணன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, தம்பியை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொன்னார். சக்கரம் திரும்புவதற்கு முன்பே ரேக் ஹவுசிங் பக்கவாட்டில் நகர்ந்தது. அதைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ் நைந்துபோயிருந்தது. பம்புசெட் ஷாஃப்ட் கடைகிற அதே லேத்தில், நைலான் கம்பியிலிருந்து புது புஷ் கடைந்தார். அது போட்டதும் ஸ்டீயரிங்கில் இருந்த தொளதொளப்பு போனது.

பாக்கித் துள்ளலுக்குக் காரணம் வண்டியின் உயரம். நாங்கள் வாங்கும்போதே அந்த வண்டி தாழ்த்தப்பட்டிருந்தது. சக்கரத்தைக் கீழே தாங்குகிற லோயர் ஆர்ம் ஒரு கோணத்திலும், ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்புகிற கம்பியான டை ராட் வேறொரு கோணத்திலும் நின்றால், சக்கரம் மேலே ஏறும்போது தானாகவே கொஞ்சம் திரும்பிவிடும். ஓட்டுகிறவன் ஒன்றும் செய்யாமலே வண்டி திசை மாறும். எவ்வளவு திரும்புகிறது என்று அளக்க, பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்திலிருந்து நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டுகிற இரண்டு டயல் கேஜ்களை ஆசிரியர் ஒருவர் தன் பொறுப்பில் எடுத்துக் கொடுத்தார். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்டீயரிங்கை நடுவில் பூட்டி, சக்கரம் மாட்டுகிற ஹப்பில் தகடு வைத்து, ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி அளந்தோம். பாலிடெக்னிக் படிக்கிற அத்தை மகள் ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதி வரைபடம் போட்டாள். எந்த உயரத்துக்கு மேல் கோடு வளைகிறது என்பதை அவள் வரைபடம்தான் காட்டியது.

டை ராட் முனையை இறக்கி வைத்து வெல்டு வைத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. லேத்து அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். “புஷ் எத்தனை வேணும்னாலும் கடைஞ்சு தரேன். ஸ்டீயரிங் கம்பியில வெல்டு வைக்க மாட்டேன். சூடு பட்ட இடத்துல இரும்பு கெட்டியாகி நொறுங்கும். உடைஞ்சா வண்டி எங்க போகும்னு யோசிங்க.” வேலை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை, பட்டறையில் அன்று வேறு வேலையே கிடையாது. அந்த மறுப்புக்காகவே நான் அவரை ஆயுசுக்கும் நினைப்பேன். உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்கினோம், டை ராட் முனைகள் இரண்டும் புதிது வாங்கினோம்.

பெடல் ஆழமாகப் போனதற்குக் காரணம் இடது முன்சக்கர பேரிங். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் சாய்ந்து பேடுகளைப் பின்னால் தள்ளிவிடும், அடுத்த மிதியில் அந்த இடைவெளியை மூடவே ஆயில் செலவாகும். ஸ்க்ரூட்டினி அதிகாரி கையால் ஆட்டிப் பார்த்தது இதைத்தான். குறுவை அறுவடை உச்சத்தில் இருந்த சமயம் அது. மன்னார்குடி பட்டறையில் அறுவடை மெஷின்கள் வரிசையில் நின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்காரர்களே, அதற்கு நடுவில் பேரிங்கை அழுத்தி ஏற்றுகிற பிரஸ்ஸை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தீர்கள். புது பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் மட்டும் விழும்படி வளையம் தேடி வைத்தீர்கள். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் ஓடுகிற பாதையில் தழும்பு விழும் என்று விளக்கமும் சொன்னீர்கள். ஹப் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டிவிட்டுத்தான் டிஸ்க்கை மாட்டவிட்டீர்கள். வரிசையில் காத்திருந்த விவசாயிகளுக்கும் என் நன்றி. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சோதித்துப் பார்க்க இடம் கொடுத்த ரைஸ்மில் முதலாளி, நெல்லை வாரி மூட்டை கட்டி, சிமெண்டுக் களத்தைக் கூட்டியும் கொடுத்தார். சாக்பீஸால் கோடு போட்டு, மெதுவான வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி தம்பி பிரேக் மிதித்தான். டயர் கோட்டின் மேலேயே நின்றது. மூட்டை தூக்குகிற அண்ணன்கள் கைதட்டினார்கள்.

பின்பக்க டிரம் பிரேக் வேலை பொங்கலுக்குப் பிறகு வைத்திருக்கிறோம். டயல் கேஜ் தகடு, புஷ்ஷின் அளவுகள், அத்தை மகளின் நோட்டு மூன்றும் எங்கள் ஷெட்டில் இருக்கின்றன. நம் பக்கத்தில் பந்தய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் இவை தேவைப்படலாம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை கிடையாது.

நன்றியுடன்,
கும்பகோணத்திலிருந்து அண்ணனும் தம்பியும்