‘சூது கவ்வும்’ படத்துக்குக் கத்தரி கேட்பது நியாயமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குற்றத்தையும் கொடுமையையும் சிரிப்போடு சொல்லும் தமிழ் டார்க் காமெடி படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘சூது கவ்வும்’ படத்தை அதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். ஆள் கடத்துகிறவர்களைக் கதாநாயகர்களாக்கி, நேர்மையான ஒரே மனிதரைக் கேலிப்பொருளாக்கிய படம் அது, அதன் வெற்றியால்தான் பின்னால் வந்தவர்கள் கெட்டார்கள், தணிக்கை வாரியம் இனியாவது கண்டிப்பு காட்ட வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். அவருடைய அக்கறையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் படத்தை அவர் பார்த்த விதம் சரியில்லை. கடைசியில் அவர் கேட்கும் பரிகாரம் ஆபத்தானது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2013 மே 1-ல் படம் வந்தபோது இருந்த நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம் முன்பு ‘ஆரண்ய காண்டம்’ என்ற நிழலுலகப் படம் வந்து, பார்த்தவர்கள் கொண்டாடியும் தியேட்டரில் ஓடாமல் போயிருந்தது. இந்த மாதிரிப் படமெல்லாம் நம் ஊரில் எடுபடாது என்ற பேச்சு பலமாக இருந்த நேரம். அப்போதுதான் ‘நாளைய இயக்குநர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பெயர் வாங்கிய நலன் குமரசாமி, தன் முதல் படத்திலேயே அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார். விஜய் சேதுபதிக்கு அது பெரிய திருப்பம். கானா பாலா பாடிய ‘காசு பணம்’ மூலைமுடுக்கெல்லாம் ஒலித்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு அந்தப் படம் என்றால் முதலில் ஞாபகம் வருவது எம்.எஸ்.பாஸ்கர் நடித்த அமைச்சர் ஞானோதயம். கட்டுரையாளர் ‘கேலிப்பொருள்’ என்று சொல்வது இவரைத்தான். லஞ்சம் கொடுக்க வந்தவரையே பிடித்துக் கொடுக்கிறார். கதையில் எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பழிவாங்கத்தான், விஜய் சேதுபதி நடித்த தாஸின் கடத்தல் கும்பலிடம், அமைச்சரின் மகன் அருமைப்பிரகாசத்தைக் கடத்தச் சொல்கிறார்கள். மகனோ தன்னைத்தானே கடத்திக்கொண்டு அப்பாவிடம் பணம் கறக்கத் திட்டம் போட்டவன். வீட்டில் மனைவியும் மகன் பக்கம். கட்சித் தலைமைக்கும் இவர் ஒரு தொல்லை. கடைசியில் முதல்வர் இவரை ஓரங்கட்டிவிட்டு மகனைத் தேர்தலில் நிறுத்துகிறார். மகன் ஜெயிக்கிறான், மந்திரியாகிறான்.

தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, உண்மைதான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை அங்கீகாரம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? பாஸ்கர் அந்தப் பாத்திரத்தை எப்படிச் செய்திருக்கிறார் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எங்கேயும் கோமாளித்தனம் இல்லை. நம்மைச் சிரிக்க வைக்க அவர் ஒரு முயற்சியும் செய்வதில்லை. தன் பையன் என்ன செய்திருக்கிறான் என்று புரிந்த பிறகும், சட்டப்படி என்ன செய்யலாம் என்றுதான் அந்த மனிதர் யோசிக்கிறார். சுற்றியிருக்கிற அத்தனை பேரும் அவரை ஒரு வியாதிக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருவது அவர்களுடைய அந்தப் பார்வையால். ஏனென்றால் அது நமக்கு ரொம்பப் பழக்கமான பார்வை.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்தில் ஓய்வூதியப் பிரிவில் ஒருவர் இருந்தார். உயிர்வாழ் சான்று கொடுக்க வரும் வயதானவர்கள் படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டால், பேரேட்டைத் தூக்கிக்கொண்டு இவரே இறங்கிப் போவார். டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருடைய பணி நிறைவு விழாவில் பேசிய அத்தனை பேரும், ‘சார் தங்கமான மனுஷன், ஆனா பிழைக்கத் தெரியாதவர்’ என்றார்கள். மண்டபமே சிரித்தது. பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த அவருடைய மனைவியும் சிரித்தார். யாருக்கும் அவர்மேல் வெறுப்பு கிடையாது, பாராட்டாகத்தான் சொன்னார்கள். ஞானோதயத்தைச் சுற்றி நடப்பது இதுதான். நலன் குமரசாமி இதை எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை. நம் கூடத்தில் பேசுவதை எடுத்துத் திரையில் வைத்தார். திரையில் பார்த்ததும் நமக்கு உறுத்துகிறது. உறுத்தட்டும், நல்லதுதான்.

கட்டுரையில் பேசாமல் விட்ட இன்னொரு காட்சி உண்டு. பிரம்மா என்ற போலீஸ் அதிகாரி வருகிறார். யோக் ஜேபி பேச்சே இல்லாமல், முறைப்பிலேயே மிரட்டியிருப்பார். இந்தக் கும்பலை என்கவுன்ட்டரில் முடித்துவிடுவது என்று கிளம்புகிறார். நாட்டுத் துப்பாக்கியை இடுப்பில் பின்பக்கமாகச் செருகுகிறார். அது அங்கேயே வெடித்துவிடுகிறது. அத்தனை பில்டப்பும் அவருடைய பின்பக்கத்திலேயே முடிந்துபோகிறது. விசாரணை இல்லாமல் ஆளைச் சுட்டுத் தள்ளுகிற அதிகாரியைத் தெய்வமாக்கி எத்தனை படங்கள் வந்திருக்கின்றன! அவற்றுக்கு விசில் அடித்தோம். சமூகம் கெட்டுவிடும் என்று அந்தப் படங்களுக்கு யாரும் கத்தரி கேட்டதாக எனக்கு நினைவில்லை. என்கவுன்ட்டரை வீரமாகக் காட்டாமல் அசிங்கமாகவும் ஆபத்தாகவும் காட்டிய படத்துக்கா இந்தக் கோபம்?

பாரதியின் வரியைப் பாதியில் வெட்டிப் பெயர் வைத்தார்கள் என்பதும் கட்டுரையாளரின் குறை. ‘தருமத்தின் வாழ்வதனைச் சூது கவ்வும்; தருமம் மறுபடி வெல்லும்’ என்பது பாஞ்சாலி சபதத்தில் அருச்சுனன் வாக்கு. எப்போது சொல்கிறான்? நாடு, தம்பிகள், மனைவி எல்லாவற்றையும் அண்ணன் சூதில் தோற்ற பிறகு, எரிதழல் கொண்டு வா என்று கொதிக்கும் பீமனை அடக்குவதற்காகச் சொல்கிறான். ‘இன்று கட்டுண்டோம், பொறுத்திருப்போம்’ என்பதும் அவன் சொல்வதுதான். தருமம் அந்தச் சபையில் வெல்லவில்லை. படம் எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாளை. மறுபாதியையும் இரண்டே கால் மணி நேரத்துக்குள் காட்டியே ஆக வேண்டும் என்று கேட்டால், கடைசி ரீலில் ஒரு நல்ல போலீஸ்காரர் வந்து விலங்கு மாட்டுவார். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், அவ்வளவுதான்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. தாஸின் கற்பனையில் மட்டும் வாழும் ஷாலு முதலில் ரசிக்க வைத்தாலும் போகப்போக அலங்காரமாக மட்டுமே நின்றுவிடுகிறாள். அப்புறம், பின்னால் வந்த பல படங்கள் கோணங்கித்தனமான கும்பல், ஒரு கானா பாட்டு, ஒரு கடத்தல் என்று மேல்சட்டையை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டன என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்துக்கே பழைய வரவேற்பு கிடைக்கவில்லை. முதல் படத்தில் ஞானோதயத்துக்கு இருந்த கனம் இவை எதிலும் இல்லை. அதற்கு மூலப்படம் என்ன செய்யும்?

இனி தணிக்கை விஷயம். என்னை உண்மையில் பதற வைத்தது இதுதான். ‘ஆரண்ய காண்டம்’ படத்தில் 52 இடங்களை வெட்டச் சொன்னது வாரியம். தயாரிப்புத் தரப்பு பணியாமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்ப் போராடித்தான் அந்தப் படம் நம் கண்ணுக்கு வந்தது. அதே படத்துக்குப் பிறகு அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும் படத்தொகுப்புக்கான தேசிய விருதும் கிடைத்தன. வாரியத்தின் பேச்சைக் கேட்டு வெட்டியிருந்தால் படத்தொகுப்பு விருதை எதற்குக் கொடுத்திருப்பார்கள்? இன்றைக்கு அந்த வழியும் இல்லை. 2021 ஏப்ரலில் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டார்கள். வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பெரிய நடிகர் படமென்றால் வக்கீல் வைத்து வாதாடுவார்கள். வட்டிக்கு வாங்கி முதல் படம் எடுக்கும் பையன் தேதி தேதியாக அலைய முடியுமா? வெட்டச் சொன்ன இடத்தில் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். இந்த நேரத்தில் ‘இன்னும் கண்டிப்பு வேண்டும்’ என்று ஒரு பத்திரிகை எழுதலாமா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எம்.எஸ்.பாஸ்கருக்கு ‘பார்க்கிங்’ படத்துக்காகத் தேசிய விருது அறிவித்தபோது எல்லோரும் பாராட்டினோம். அதிலும் அவருக்கு நேர்மையான அரசு அலுவலர் வேடம்தான். ஞானோதயத்துக்கும் இந்த அலுவலருக்கும் இடையில் பத்து வருட இடைவெளி. இந்த இரண்டு மனிதர்களைப் பற்றியும் அவரிடமே விரிவாகப் பேசி ஒரு பேட்டி வெளியிடுங்கள். தீர்ப்பாயம் போன பிறகு சின்னப் படங்களுக்குத் தணிக்கையில் என்ன நடக்கிறது என்று இயக்குநர்களிடமும் கேட்டு எழுதுங்கள். சென்ற இதழின் கட்டுரைக்குக் கொடுத்த அளவு இடத்தை அதற்கும் கொடுத்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவூல ஊழியர்,
விருதுநகர் மாவட்டம்.