மலாயாவுக்கு வராத விமானங்கள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்திக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் கொண்டாட்டம்தான். இங்கே பேரன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வார இறுதியில் வந்தால் பாதி நேரம் தூக்கம், மீதி நேரம் சாப்பாடு.

கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தாயே, 1941இல் பிரிட்டன் ரஷ்யாவுக்கு அனுப்பிய ஆயுதமெல்லாம் தனக்குப் போக மிஞ்சியதுதான் என்று. சிங்கப்பூரில் இருந்துகொண்டு அதை ஒப்புக்கொள்ள முடியாதப்பா.

அந்த ஆகஸ்ட் இறுதியில் பிரிட்டனின் உதவியோடு முதல் கப்பல் அணி வட ரஷ்யத் துறைமுகமான ஆர்க்காங்கெல்ஸ்க் போய்ச் சேர்ந்தது. அக்டோபரில் மாஸ்கோவில் கையெழுத்தான உடன்பாட்டில், அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து மாதம் 400 விமானம், 500 டாங்கி தருவதாக வாக்களித்தன. பிரிட்டன் ஆண்ட மலாயாவுக்கோ 336 விமானமாவது வேண்டும் என்று லண்டனின் முப்படைத் தளபதிகளே ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார்கள். டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவின் வடகிழக்குக் கரையிலுள்ள கோத்தா பாருவில் இறங்கியபோது இருந்தவை ஏறக்குறைய 158. டாங்கி ஒன்றுகூட இல்லை. ஜனவரி 7 அன்று சிலிம் ஆற்றுப் பக்கம் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு சாலையாக ஊடுருவிக்கொண்டு போனது உனக்குத் தெரிந்த கதைதான்.

ரஷ்யாவுக்குக் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. மாஸ்கோ விழுந்திருந்தால் ஹிட்லர் அடுத்து எங்கே திரும்பியிருப்பான்? என் கோபம் வேறு. விமானம் வரப்போகிறது என்று நம்பி மலாயாவின் வடக்கிலும் கிழக்குக் கரையிலும் விமானத் தளங்களைக் கட்டினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தது விமானப்படை. தரைப்படையைச் சரியாகக் கலந்துகொள்ளவே இல்லை. விமானம் வரவில்லை. ஆனாலும் அந்தத் தளங்களைக் காக்கத் துருப்புகளைப் பிரித்து மூலைக்கு மூலை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் இந்தியப் படையினர் பலர் அப்படித்தான் அங்கே போய் மாட்டிக்கொண்டார்கள். பிறகு அதே ஓடுபாதைகளில் ஜப்பானிய விமானங்கள் வந்து இறங்கின. எண்ணெயும் குண்டுகளும்கூடச் சில இடங்களில் அப்படியே கிடைத்தன! உதவியை வேறு பக்கம் திருப்பிவிட்ட அன்றே இந்தத் திட்டத்தையும் மாற்றியிருக்க வேண்டாமா? எகிப்தைவிடச் சிங்கப்பூர் முக்கியம் என்று பிரிட்டிஷ் தரைப்படையின் தலைமைத் தளபதி ஜான் டில் 1941 மே மாதமே பிரதமர் சர்ச்சிலுக்கு எழுதினார். சர்ச்சில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஜனவரி 1942இல் 51 ஹரிக்கேன் போர் விமானங்கள் பெட்டி பெட்டியாகச் சிங்கப்பூர் வந்து இறங்கின. பாகங்களைப் பூட்டித்தான் பறக்கவிட வேண்டும். அந்த நாளில் புக்கிட் தீமாவின் ஃபோர்டு தொழிற்சாலையில், கார் பூட்ட வைத்திருந்த கருவிகளைக் கொண்டு விமானப்படை போர் விமானங்களைப் பூட்டியது. மாதக் கடைசியில், நிலைமை கைமீறியதும், அங்கே பூட்டியவற்றைத் தீவை விட்டே பறக்கவிட்டார்கள். பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அதே கட்டடத்தில்தான். இப்போது அது அருங்காட்சியகம். நீ வரும்போது போகலாம்; பஸ் பக்கத்திலேயே நிற்கும், உன் முட்டிக்குச் சிரமமிருக்காது.

இன்னொன்று. 1940இல் அமெரிக்கா பழைய நாசகாரிக் கப்பல்கள் 50ஐப் பிரிட்டனுக்குக் கொடுத்துவிட்டு, 99 ஆண்டுக் குத்தகைக்குத் தளங்களை வாங்கிக்கொண்டதே, அதுவும் மிஞ்சியதைக் கொடுத்த கணக்கா? பதில் எழுது. தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு